காலண்டர் படத்தில் யார் இல்லை

1

என் மகள் மாலதிக்குப் பதின்மூன்று வயது. பிறந்தது, வளர்வது எல்லாம் பாரிசுக்குப் பக்கத்திலுள்ள இந்தப் புறநகரில்தான். போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வினோதமான வீட்டுப்பாடத்தோடு வந்தாள். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு போய், வகுப்பில் எழுந்து நின்று அதை விமரிசனம் செய்ய வேண்டுமாம். அழகாக இருக்கிறது, கலர் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் மார்க் கிடையாது. மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதில் பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? படத்தில் யார் இல்லை?

மூன்றாவது கேள்வியை அவள் தமிழில் சொன்னபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் படித்த காலத்தில் படத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் கேட்பார்கள். இல்லாதவர்களைப் பற்றிக் கேட்கிற அந்த ஆசிரியையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

தயிர் டப்பா, கார் படம், சலவைத்தூள் அட்டை என்று எங்கள் வீட்டில் விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. மாலதி அதையெல்லாம் தொடவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, சமையலறைச் சுவரில் தொங்குகிற படத்தைக் கழற்றினாள். அது ஒரு சோப்புக் கம்பெனியின் பழைய காலண்டர். தேதித்தாள்கள் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. படத்துக்கு மட்டும் என் கணவர் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். காரைக்காலுக்கு வடக்கே கோட்டுச்சேரிமேட்டுக் கடல், நடுப்பகல் வெயில், கரையை நோக்கி வருகிற இருபதுக்கு மேற்பட்ட கட்டுமரங்கள். எல்லாவற்றிலும் பளீரென்று வெள்ளைப் பாய். எல்லாப் பாயிலும் கொட்டை எழுத்தில் "வெண்சுடர் சோப்பு".

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார்கள். நானும் விடமாட்டேன். எங்கள் ஊர்க் கடல் என்பேன். கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சோப்பின் ஏஜென்சியில்தான் வேலை பார்த்தேன், பாயில் விளம்பரம் எழுதலாம் என்ற யோசனைக்கு விதை போட்டதே நான்தான் என்பேன். வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். நான் காப்பி கலக்கப் போய்விடுவேன். பதினான்கு வருஷமாகக் கதையை அந்த இடத்தோடு நிறுத்திப் பழகிவிட்டது.

மாலதி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்றாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

2

விளம்பரம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பித்து. நல்லதோ கெட்டதோ, பார்த்தால் விட முடியாது. இங்கே மெட்ரோவில் வேலைக்குப் போகும்போது மற்றவர்கள் புத்தகம் படிக்கிறார்கள், நான் சுவரைப் படிக்கிறேன். வந்த புதிதில் ஓர் அரிசி விளம்பரம் என்னை ரொம்ப நாள் குழப்பியது. எங்கள் அரிசி ஒன்றோடொன்று ஒட்டாது என்று அவ்வளவு பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். சோறு உதிரியாக வருவது வடிக்கிறவளின் பக்குவம், இதில் அரிசிக்காரனுக்கு என்ன பெருமை என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் வேலை பார்க்கிற இடத்துச் சாப்பாட்டறையில் இவர்கள் சோறு சமைப்பதைப் பார்த்தேன். விளம்பரம் எழுதியவன் தன் ஜனங்களை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான் என்று புரிந்தது.

ஊரில் நாங்கள் கோவில்பத்தில் இருந்தோம். ஏஜென்சி டவுனில். தினமும் பஸ்ஸில் போகிற கால் மணி நேரத்தில் சாலையோரச் சுவர்களையெல்லாம் மனசுக்குள் திருத்திக்கொண்டே போவேன். உர விளம்பரம் ஒன்று ரொம்ப நாள் இருந்தது. வாய்க்காலுக்கு வாய்க்கால் நெல் விளைகிற ஊரில், தலைப்பாகை கட்டிய ஒருவர் கோதுமைக் கதிரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவருக்கு வழி தெரியவில்லை, யாராவது பஸ் ஏற்றிவிட்டால் தேவலை என்று நினைத்துக்கொள்வேன். இன்னொன்று கூந்தல் தைலம். வரைந்தவருக்குச் சுவர் போதவில்லை, கூந்தலை மூலை திருப்பிப் பக்கத்து வீட்டுச் சுவரில் கொண்டுபோய் முடித்திருந்தார். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவருக்கு வெள்ளை அடித்தார். அதற்கப்புறம் அந்த அம்மாள் தோளோடு வெட்டிய முடியோடுதான் தைலம் விற்றாள்.

இதையெல்லாம் விளையாட்டாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மெட்ராசிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற கம்பெனியின் விளம்பர அதிகாரி ராகவன் சார் அந்த நோட்டை என் மேஜையில் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்துச் சிரித்தார். அடுத்த தடவையிலிருந்து வந்ததும் ஏஜென்சி முதலாளியைக்கூடப் பிறகுதான் பார்ப்பார், முதலில் நோட்டைக் கேட்பார். ஹெட் ஆபீசில் இந்த மாதிரி ஆள் வேண்டும், பேசிப் பார்க்கிறேன் என்றும் ஒருநாள் சொன்னார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே மெட்ராசில் குடியேறிவிட்டேன்.

3

காரைக்கால் கடற்கரையில் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது ராகவன் சாரின் எண்ணம். மணலில் பலகை நட்டால் உப்புக்காற்றில் பெயின்ட் உரிகிறது. சுவர் எழுதலாம் என்றால் கீற்றுக் குடிசைகளில் எழுதச் சுவர் இல்லை. ஜனங்கள் நாள் தவறாமல் பார்க்கிற இடம் எது சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர் அஞ்சலையக்கா. கோட்டுச்சேரிமேட்டுக்காரர். நேரமாகிவிட்டது என்று அம்மா குறைப்பட்டால் அவர் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார். பாய் தெரிகிறவரைக்கும் கரையில் நிற்க வேண்டும், தெரிந்த பிறகுதான் மற்ற வேலை என்பார். அந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. கரையில் பெண்கள் தினமும் பாயைத்தான் சார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றேன்.

ராகவன் சார் மேஜையில் தட்டினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பெண்கள் பார்க்கிறார்கள், சோப்பு வாங்குகிறவர்களும் பெண்கள், வெள்ளைப் பாயைவிடச் சோப்புக்கு நல்ல சாட்சி எது? நானும் அவரோடு சேர்ந்து பூரித்துப் போனேன். எதற்காகப் பார்க்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கோவில்பத்திலிருந்து அந்தக் கரைக்குச் சைக்கிள் மிதித்தே போய்விடலாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் பிடிக்கிறவர்களுக்கும் நடுவில் அதுவே பெரிய தூரமாக இருந்திருக்கிறது.

கம்பெனிகள் செய்கிற தவறுகளில் பாதி இந்த வகைதான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஒரு கூட்டம் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பார்வைக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, நாம் குறுக்கே போய் நிற்கிறோம் என்பது உறைக்காது.

4

பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டார்கள். குத்துவிளக்குக்கும் பிரஷர் குக்கருக்கும் செய்வார்களே, அதே மாதிரி. புதுப் பாய் நல்ல கெட்டிக் காடாத் துணி. கொடுக்க வேண்டியது பழைய பாய் மட்டும்தான். பழையவை பழுப்பும் சிவப்புமாக இருந்தன. துணி மக்காமல் இருக்க மரப்பட்டை வேகவைத்த சாயத்தில் அவற்றை ஊறப்போடுவது அவர்கள் வழக்கம். ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட ஒட்டு. ஒன்றில் கைலித் துண்டு, ஒன்றில் குழந்தையின் பாவாடைத் துண்டு, ஒன்றில் மாவு மூட்டைச் சாக்கு. ராகவன் சார் அவற்றைக் கந்தல் என்றார். இந்தக் கந்தலுக்கு இவ்வளவு நல்ல துணியா என்று முதலாளிக்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கத்து நிபந்தனை ஒரு தாளில் இருந்தது. அதை டைப் அடித்ததும் நான்தான். பாய்க்குச் சாயம் போடக் கூடாது, வெட்டக் கூடாது, எழுத்தை மறைக்கக் கூடாது. மீறினால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். கரையில் பந்தல் போட்டு, படித்துக் காட்டி, வரிசையாகக் கைநாட்டு வாங்கினோம். சாயம் போடாவிட்டால் எத்தனை நாளைக்கு வரும் என்று ஒரே ஒருவர் கேட்டார். மக்கினால் வேறு தருவோம் என்று ராகவன் சார் சொல்லிவிட்டார். அஞ்சலையக்காவின் கணவர் மாரிமுத்து தன் பழைய பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தது நினைவிருக்கிறது. மேல் மூலையில் நீலக் கட்டம் போட்ட முக்கோண ஒட்டு. அக்கா அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார். புதுசு கிடைக்கிற கூச்சம் என்று நினைத்தேன்.

மறுநாள் போட்டோகிராபர் வந்தார். என் சமையலறையில் தொங்குவது அவர் எடுத்த படம்தான். அந்த நடுப்பகலில் நான் கரையில் நின்றேன். வெள்ளைப் பாய்கள் வரிசையாக வந்தபோது, நான் சொன்ன ஒரு வாக்கியம் கடலில் மிதந்து வருகிறது என்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை மாலதியிடம் மறைக்காமல் சொன்னேன். பருப்பு வெந்து, சாப்பிட்டு முடித்து, வேறு சாக்கு கிடைக்காமல் அவள் எதிரே வந்து உட்கார்ந்த பிறகு சொன்னது இதெல்லாம்.

5

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன், பொருத்தமாக இருக்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். டாக்டர்களும் நர்சுகளும் போட்டுக்கொள்கிற வெள்ளைக் கோட்டுகள் துவைத்து வந்ததும், எது யாருடையது என்று தெரிய உள்கழுத்தில் பெயர்த் துண்டு வைத்துத் தைப்பது என் வேலை. நானூறு கோட்டு, எல்லாம் ஒரே வெள்ளை. ஒரு துண்டு விட்டுப்போனால் பெரிய டாக்டர் சின்ன டாக்டரின் கோட்டில் திணறிக்கொண்டு நிற்பார். வெண்சுடர் சோப்பு என்னைப் பழிவாங்குகிறது என்று என் கணவர் சொல்வார்.

பெயர் விஷயத்தில் எனக்கு இந்த ஊரில் கிடைத்தது தவறான துண்டு. இவர்கள் விண்ணப்பப் பாரத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது, பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று. நமக்கு ஏது குடும்பப் பெயர்? சரோஜா என்று எழுதி, அப்பா பெயரை அடுத்த கட்டத்தில் போட்டேன். அன்றிலிருந்து தபால்காரர் முதல் மருந்துக்கடை வரை எல்லோருக்கும் நான் மதாம் கோவிந்தசாமி. என் கணவரின் அப்பா காரைக்கால் பக்கத்துத் தலத்தெருவிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போனவர். அவர்கள் பெயர்கள் அந்தக் காலத்திலேயே எத்தா சிவில் என்கிற பிரெஞ்சுப் பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் சுத்தமாகப் பதிவானவை. மாலதிக்கு அப்பா வழிப் பெயர். ஒருமுறை அலுவலகத்தில் ஒரு பெண், இந்தக் குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். அம்மா என்றேன். பெயர் ஒத்துப்போகவில்லையே என்றாள். அந்தப் பெண்ணுக்கு என் முகமும் மாலதி முகமும் கண்ணில் படவில்லை. பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு மூன்று தடவை போய் வந்தேன்.

மாலதிக்கு இந்தக் கதை பிடிக்கும். நான் பக்கத்து வீட்டு நாயைக்கூட "நீங்கள்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற கதையும் பிடிக்கும். அம்மா தடுமாறுகிற கதைகளைப் பிரெஞ்சில் தன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குப் புரியாத வேகத்தில் சொல்வாள். இப்போதெல்லாம் அவள் என்னிடம் எதையாவது கேட்டு எழுதிக்கொள்வதே அபூர்வம். அதனால்தான் அந்தத் திறந்த நோட்டின் முன்னால் எனக்கு இரண்டு மனசாக இருந்தது. பாதிக் கதை சொன்னால் அவள் வகுப்பில் கைதட்டு வாங்குவாள். முழுசாகச் சொன்னால் அம்மாவை வேறு கண்ணால் பார்ப்பாள். என்ன செய்ய?

சொன்னேன்.

6

பாய் கொடுத்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் போனவர்கள் திரும்புகிற நேரத்தில் காற்று தாறுமாறாக அடித்தது. கட்டுமரங்கள் கலைந்துபோய், ஆளுக்கொரு பக்கமாகக் கரை பிடிக்க வந்தன. வழக்கமாக இந்த மாதிரி நாளில் பெண்கள் மேட்டில் ஏறி நின்றால் தொலைவிலேயே தெரிந்துவிடும். சிவப்பு ஒட்டு இவர் வீடு, சாக்கு ஒட்டு அவர் வீடு. அவரவர் தைத்த ஒட்டு அவரவருக்குத் தெரியாதா? அன்றைக்கு எல்லாம் ஒரே வெள்ளை. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. அஞ்சலையக்கா முதலில் வடக்கே ஓடினார், வேறு ஆள். திரும்பித் தெற்கே ஓடினார், அதுவும் வேறு ஆள். மூன்றாவதும் இல்லை. எந்த மரம் குறைகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் ஆள்தான் இல்லை என்று அழுதிருக்கிறாள்.

மாரிமுத்து தூரத்தில் கரை ஒதுங்கி, பிற்பகலில் கரையோடு நடந்து வந்து சேர்ந்தார். உயிருக்கும் மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலையே கரையிலிருந்த பெண்கள் ஊசியை எடுத்துவிட்டார்கள். வெள்ளைப் பாயில் எழுத்துத்தான் தூரத்துக்குத் தெரிகிற இடம். அதன் மேலேயே ஒட்டுப் போட்டார்கள். கைலி, பாவாடை, சாக்கு, அவரவர் பழைய அடையாளம்.

ராகவன் சார் அடுத்த மாதம் வந்து அதைப் பார்த்து முகம் வெளுத்துப் போனார். மேலிடத்திலிருந்து ஆட்கள் வரப்போகிற சமயம் அது. காரணத்தை விசாரித்து வரச் சொல்லி என்னை அனுப்பினார். நான் போனேன். அஞ்சலையக்கா என்னைக் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றி நிறுத்தினார். மரங்கள் வருகிற நேரம். தொலைவில் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததும் அக்கா ஒவ்வொன்றாக வீட்டுப் பெயர் சொன்னார். கரைக்கு வந்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. இதற்காகத்தான் பாயைப் பார்க்கிறீர்களா, யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவா என்று கேட்டேன்.

"யாரு வர்றான்னு தெரிஞ்சு என்ன தங்கச்சி, வர்றவன் எப்படியும் வந்து எறங்கிருவான்," என்றார் அக்கா. "யாரு இன்னும் வரலன்னு தெரியணுமுல்ல, அதுக்குத்தான் பாக்குறது."

மாலதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் ஆசிரியையின் மூன்றாவது கேள்வியை அவளும் நினைத்திருக்க வேண்டும். நான் கரண்டியைக் கீழே வைத்தது ஏன் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

7

ஏஜென்சிக்குத் திரும்பி, பார்த்ததையெல்லாம் ஆர்வமாக ராகவன் சாரிடம் கொட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். நல்ல விஷயம், உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள் என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"காரணம்னு ஒண்ணு எழுதினா, அதை ஏன் முன்னாடியே விசாரிக்கலைன்னு கேப்பாங்க. ஐடியா கொடுத்தது நீங்க, மேல எடுத்துட்டுப் போனது நான். ரெண்டு பேருக்குமே நல்லதில்ல, சரோஜா."

மெட்ராஸ் வேலையைப் பற்றி அவர் அப்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எனக்கே ஞாபகம் இருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். பாய்களைப் பெற்றுக்கொண்டவர்கள் வேண்டுமென்றே அவற்றைப் பழுதாக்கியிருக்கிறார்கள். விசாரித்ததில் காரணம் தெரியவில்லை. விசாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதி எடுத்தேன். டைப்பில் ஒரு பிழை இல்லை.

இரண்டு வாரத்தில் லாரியில் ஆட்கள் வந்து, என் பெயர் போட்ட அறிக்கையைக் கரையில் படித்துச் சொல்லிவிட்டு, நிபந்தனைப்படி பாய்களையெல்லாம் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய பாயையாவது கொடுங்கள் என்று கரைக்காரர்கள் கேட்டு வந்தார்கள். முதலாளி அவற்றை அதற்கு முன்பே வெட்டி, மழைக்குச் சோப்புப் பெட்டிகள்மேல் மூடியிருந்தார். நீலக் கட்டம் போட்ட மூலையை நான் கோடவுனில் பார்த்தேன். அதை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். அந்தப் பருவம் முழுக்க மாரிமுத்து அடுத்த ஊர்க்காரர் மரத்தில் கூலிக்குப் போனார். அடுத்த பருவத்தில் ஒவ்வொருவராகப் புதுப் பாய் தைத்து, சாயம் போட்டு, ஒட்டும் போட்டுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷக் காலண்டரில் வெள்ளைப் பாய்ப் படம் வந்தது. காரைக்கால் டவுனில் முக்கால்வாசிக் கடையில் அதுதான் தொங்கியது.

அஞ்சலையக்கா எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் பஸ் நிற்கிற இடத்தில் கூடையோடு எதிரே வந்தார். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். மெட்ராசிலிருந்து வந்த உத்தரவு, நான் என்ன செய்ய முடியும் என்றெல்லாம் உளறினேன். அக்கா கூடையை இறக்காமலே கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

"பாக்காதவ எழுதியிருந்தா, தெரியாம எழுதிட்டான்னு விட்டுருவேன். நீ மேட்டுல ஏறிப் பாத்துட்டுப் போயித்தானே தங்கச்சி எழுதுன?"

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அன்றைக்கு எந்தச் சுவரையும் நான் படிக்கவில்லை. மெட்ராஸ் வேலை வரவில்லை. அடுத்த தையில் தலத்தெருவிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். காலண்டரைப் பெட்டியின் அடியில் வைத்து எடுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்டால், ஊர்க் கடல் என்பதுதான் இத்தனை வருஷமும் நான் சொன்ன பதில்.

8

மாலதி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். நேற்று மாலை சலவைத் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது வந்து, பிரெஞ்சில் எழுதியிருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். அவள் தமிழ் கொஞ்சம் நொண்டும். ஆனால் கட்டுரை நன்றாக இருந்தது, என் நோட்டைவிட நன்றாக இருந்தது. பேசுவது சோப்புக் கம்பெனி என்று எழுதியிருந்தாள். கரையிலிருக்கிற பெண்களிடம் பேசுவதாக அது நினைத்துக்கொள்கிறது, ஆனால் அவர்கள் அதைக் கேட்க அங்கே நிற்கவில்லை என்று எழுதியிருந்தாள். பாய் எழுதுகிற பலகை இல்லை, ஏற்கெனவே எழுதப்பட்ட ஒன்று, கம்பெனி அதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதியது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

மூன்றாவது கேள்விக்கு வந்தாள். படத்தில் பெண்கள் இல்லை. ஒட்டுகள் இல்லை. காற்றடித்த அந்த நாள் இல்லை. பிறகு கம்பெனி ஓர் அறிக்கை எழுதியது, காரணம் தெரியவில்லை என்று சொல்லிப் பாய்களை எடுத்துக்கொண்டு போனது. அவ்வளவுதான். நோட்டை மூடினாள்.

கம்பெனியா எழுதியது என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். வகுப்பில் முப்பது பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் உன்னைத் தெரியும் என்றாள். பிறகு, கேட்கிறதா இல்லையா என்கிற மாதிரிச் சொன்னாள்.

"உன்னை விட்டுட்டேம்மா. நீ பாவம்."

என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் இவளுக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் பயந்துபோனாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரே துண்டை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு மடிக்காமல் நின்றோம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. விட்டுவிடட்டும், யாருக்கு நஷ்டம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பதினான்கு வருஷம் நானே என்னை அந்தப் படத்தில் சேர்க்காமல்தானே தொங்கவிட்டிருந்தேன்.

பிறகு நோட்டை அவளிடமிருந்து வாங்கித் திறந்தேன். கேள்வி என்ன, படத்தில் யார் இல்லை என்பதுதானே, பதில் குறைகிறது என்றேன். என்ன எழுத என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். மேட்டில் ஏறிப் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். தெரியவில்லை என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். அவள் என் அம்மா.

அந்தத் தாளில் எழுத இடம் இல்லை. மாலதி பேனாவை மாற்றி, நீலத்தில், ஓரத்தில் இடுக்கி, செங்குத்தாக எழுதினாள். எழுத்து சிறிசும் பெரிசுமாக, அடித்துத் திருத்தி, மற்ற வரிகளோடு கொஞ்சமும் சேராமல் கோணலாக இருந்தது. வேறு தாளில் சுத்தமாக எழுதிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எத்தனை நோட்டுக்கு நடுவில் கிடந்தாலும் அது எங்கள் வீட்டுடையது என்று தூரத்திலிருந்தே தெரியும்.